இருவருக்கு ஒரு கேமரா: கோத்தகிரியில் இயற்கைக் காட்சிகளைப் படமெடுக்கக் கிளம்பும் இணையருக்கு

கணவன் மனைவி இருவரும் சேர்ந்து இயற்கைக் காட்சிகளைப் பார்க்கவும் படமெடுக்கவும் கிளம்பும்போது, பெரும்பாலும் ஒருவர் கையில்தான் கேமரா இருக்கும். மற்றவர் பையைச் சுமந்துகொண்டு, குளிரில் நின்றபடி, எப்போது முடியும் என்று காத்திருப்பார். முதல் பயணத்தில் இது பெரிதாகத் தெரியாது. நாளடைவில் காத்திருப்பவருக்குச் சலிப்பும் படமெடுப்பவருக்கு அவசரமும் சேர்ந்துகொள்ள, படமும் உருப்படியாக அமையாது, பயணமும் இனிக்காது. அந்த இரண்டாமவருக்கும் உண்மையான வேலை உண்டு. அது சரியாக நடந்தால்தான் படமும் தேறும், இருவரும் பத்திரமாகத் திரும்பவும் முடியும். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த எண்ணத்தின் மேல்தான் நிற்கிறது.

பொதுவாகச் சொல்லிக்கொண்டு போவதைவிட ஓர் இடத்தை முன்வைத்துச் சொல்வது புதியவர்களுக்குப் பயன்படும் என்பதால் கோத்தகிரியை எடுத்துக்கொள்கிறேன். நீலகிரியின் கிழக்கு விளிம்பில், சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்த ஊரில் தங்கினால், தேயிலைச் சரிவு, சோலைக்காடு எனப்படும் அடர்ந்த மலைக்காடு, பள்ளத்தாக்கின் விளிம்பு, அருவி ஆகிய நான்கையும் நெடுந்தூரம் அலையாமல் பார்த்துவிடலாம். ஊட்டியைச் சுற்றி இதைவிட அதிக இடங்கள் இருக்கின்றன. அவற்றுக்கிடையே நெரிசலில் கழியும் நேரமும் அதிகமாகவே இருக்கிறது. இரண்டு இரவுகள் தங்குவதாகத் திட்டமிடுங்கள். காலையில் ஏறி மாலையில் இறங்கும் பயணத்தில் விடியலும் கிடைக்காது, அந்தியும் கிடைக்காது. நடுப்பகல் வெளிச்சம் மட்டுமே மிஞ்சும்.

கிளம்புவதற்கு முன் பேசி முடிக்க வேண்டியவை

எத்தனை இடங்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஒரு நாளைக்கு இரண்டுக்கு மேல் வேண்டாம் என்பது என் கருத்து. ஒரே காட்சிமுனைக்கு இரண்டு விடியல்களில் போவது, ஐந்து காட்சிமுனைகளைத் தொட்டுவிட்டு வருவதைவிட நல்ல படங்களைத் தரும். ஏனென்றால் இயற்கைக் காட்சியில் மாறிக்கொண்டே இருப்பது வெளிச்சமும் மேகமும்தான், மலை மாறுவதில்லை.

அடுத்தது, யார் எப்போது படமெடுப்பது என்பது. இருவரிடமும் தனித்தனிக் கேமரா இருந்தால் சிக்கல் தீர்ந்துவிடும் என்று தோன்றும். உண்மையில் அப்போது இரண்டு பேரும் ஆளுக்கொரு திசையில் தனியாக நின்று படமெடுத்துக்கொண்டிருப்பார்கள். தொடக்கத்தில் ஒரு கேமராவும் ஒரு பைனாகுலரும் போதும். ஒரு நாள் காலை ஒருவர் கேமராவை வைத்துக்கொள்ளட்டும், மறுநாள் மற்றவர். படச்சட்டத்தை அமைத்த பிறகு, பொத்தானை அழுத்துமுன் மற்றவரைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டுவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். ஓரத்தில் நுழைந்திருக்கும் மின்கம்பியையும், சாய்ந்திருக்கும் தொடுவானத்தையும், அமைத்தவர் கண் தவறவிட்டாலும் புதிதாகப் பார்ப்பவர் கண் உடனே பிடித்துவிடும்.

மூன்றாவது, இதில் விட்டுக்கொடுக்கக் கூடாதது. ஒருவர் கேமராவுக்குள் பார்த்துக்கொண்டிருக்கும் நேரம் முழுவதும் மற்றவர் சுற்றுப்புறத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பாறையின் விளிம்பு எத்தனை அடியில் இருக்கிறது, பின்னால் வளைவில் வாகனம் வருகிறதா, தேயிலைச் செடிகளுக்கு நடுவே கருப்பாக அசைவது என்ன என்பதெல்லாம் அவர் பொறுப்பு. அவர் "நில்" என்று சொன்னால் காரணம் கேட்காமல் நிற்க வேண்டும். வேறு எந்த ஏற்பாட்டை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

எந்த மாதம்

தூரத்து மலைத்தொடர்கள் தெளிவாகத் தெரிய வேண்டுமென்றால் டிசம்பர் இறுதியிலிருந்து பிப்ரவரி வரையிலான காலம் ஏற்றது. வானம் பெரும்பாலும் தெளிந்திருக்கும். காலைக் குளிர் பத்து டிகிரிக்கும் கீழே இறங்கக்கூடும். ஏப்ரலிலும் மேயிலும் சமவெளியிலிருந்து எழும் வெப்பப் புகைமூட்டத்தால் பள்ளத்தாக்குகள் சாம்பல் பூத்தாற்போல் மங்கிவிடும். கூட்டமும் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும்.

மழையைப் பொறுத்தவரை நீலகிரியை ஒரே மலையாக நினைப்பது தவறு. தென்மேற்குப் பருவமழை மாவட்டத்தின் மேற்குப் பகுதியில்தான் கொட்டும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் பதிவானது. கிழக்கே இருக்கும் கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் வடகிழக்குப் பருவமழைதான் முக்கியம். அக்டோபர், நவம்பர் மாதங்களில் இங்கே மண்சரிவுகள் நேர்வதுண்டு. 2009 நவம்பரில் நேர்ந்த பேரிடரை ஊர்க்காரர்கள் இன்னும் மறக்கவில்லை. ஆகவே ஜூலை, ஆகஸ்டில் ஊட்டிக்கு மேற்கே போக முடியாத நாட்களிலும் கோத்தகிரியில் மேகமும் வெயிலும் மாறிமாறி வருவதைப் பார்க்கலாம். என்னைக் கேட்டால், மேகம் ஓடும் அந்த நாட்கள்தான் படமெடுக்கச் சுவையானவை. நவம்பரில் மட்டும் வானிலை எச்சரிக்கையைப் பார்த்த பிறகே அறையை உறுதி செய்யுங்கள்.

குறிஞ்சிப் பூவுக்காகப் போவதாக இருந்தால் பொறுத்திருக்க வேண்டும். 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை மலைச்சரிவுகளை நிறைக்கும் நீலக்குறிஞ்சி 2006-இலும் 2018-இலும் பூத்தது. அடுத்த பெரும் பூப்பு 2030-இல் எதிர்பார்க்கப்படுகிறது. இடைப்பட்ட ஆண்டுகளில் குறிஞ்சி பூத்ததாக வரும் செய்திகள் பெரும்பாலும் வேறு குறிஞ்சி இனங்களைப் பற்றியவை, அல்லது சிறு திட்டாகப் பூத்தவற்றைப் பற்றியவை.

இ-பாஸ், பேருந்து, பிளாஸ்டிக்

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்குள் வரும் வெளியூர் வாகனங்கள் இ-பாஸ் பெற வேண்டும். கோடைக்காலத்தில் எண்ணிக்கைக் கட்டுப்பாடும் சேர்ந்துகொள்ளும். 2025-இல் ஏப்ரல் முதல் ஜூன் வரை வார நாட்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று வரம்பு வைத்தார்கள். அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு 33 கிலோமீட்டர்தான். பேருந்து அடிக்கடி உண்டு. ஊருக்குள் சுற்ற உள்ளூர் டாக்சியை அமர்த்திக்கொண்டால், பாதையும் மூடுபனியும் பழகிய ஓட்டுநர் கிடைப்பார். அவருக்கு எந்தத் தோட்டத்துப் பக்கம் நேற்று கரடி வந்தது என்பதும் தெரிந்திருக்கும். புதியவர்களுக்கு நான் இதையே பரிந்துரைப்பேன்.

சொந்தக் காரில் போனால், மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஏறும் குஞ்சப்பனைப் பாதையில் பகலிலேயே ஏறிவிடுங்கள். பலா பழுக்கும் மே முதல் ஜூலை வரை அந்தப் பக்கம் யானைகள் ஏறி வருவதுண்டு. சாலையோரத்தில் யானையைக் கண்டால் காரை விட்டு இறங்கிப் படமெடுக்கும் எண்ணமே வரக் கூடாது. கொண்டை ஊசி வளைவுகளில் மேலேறும் வண்டிக்கு வழிவிடுவது மலைப்பாதை வழக்கம். இறங்கும்போது இரண்டாவது கியரில் இறங்குங்கள்.

மாவட்டத்தில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்கும் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்கும் தடை உண்டு. சோதனைச்சாவடியில் பறிமுதல் செய்துவிடுவார்கள். ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோங்கள்.

பையில் என்ன இருக்க வேண்டும்

கேமரா புதிதாக வாங்கித்தான் தொடங்க வேண்டும் என்பதில்லை. இரண்டு மூன்று மடங்கு நெருக்கிக் காட்டும் தனி லென்ஸ் உள்ள நல்ல போனே முதல் பயணத்துக்குப் போதும். கேமரா இருந்தால், அகலக் காட்சிக்கான லென்ஸைவிட 70–200 மில்லிமீட்டர் போன்ற தொலைநோக்கு லென்ஸ் நீலகிரியில் அதிகம் பயன்படும் என்பதைக் கவனத்தில் கொள்ளுங்கள். பலரும் இதற்கு நேர்மாறாகத்தான் நினைக்கிறார்கள். இங்கே அழகு பெரும்பாலும் எதிர்ப்புற மலையில், ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி நிற்கும் முகடுகளில் இருக்கிறது. அகல லென்ஸில் அவை எல்லாம் ஒரு விரல் உயரக் கோடாகச் சுருங்கிவிடும்.

கனமில்லாத டிரைபாட் ஒன்றும், லென்ஸில் மாட்டும் போலரைசர் (மினுக்கத்தைக் குறைக்கும் கண்ணாடி வடிகட்டி) ஒன்றும் வேண்டும். பைனாகுலர் வாங்குவதாக இருந்தால் 8×42 என்று குறித்திருப்பதைத் தேர்ந்தெடுங்கள். எட்டு மடங்கு பெரிதாக்கும், 42 மில்லிமீட்டர் முகப்பு என்பதால் சோலையின் மங்கிய வெளிச்சத்திலும் பார்க்கலாம். பத்து மடங்குக்குப் போனால் பழகாத கையில் காட்சி நடுங்கும். இவை தவிர ஜெர்கின், குல்லா, டார்ச், கூடுதல் பேட்டரி, லென்ஸ் துடைக்கும் துணி. மழைக்காலமென்றால் அட்டைக்கடியைச் சமாளிக்க நீளக் காலுறையும் கொஞ்சம் உப்பும். வளைவுகளில் குமட்டல் வருகிறவர் முன் இருக்கையில் உட்காரட்டும், அன்று அவர் கையில் கேமரா இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

முதல் மாலை

போய்ச் சேர்ந்த மாலையில் நல்ல படம் எடுக்க வேண்டும் என்று பதற வேண்டாம். அறையில் பைகளை வைத்துவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே மறுநாள் விடியலில் நிற்கப்போகும் இடத்தைப் பார்த்து வைத்துவிடுங்கள். சாலையோரம் வண்டி நிறுத்த அகலம் இருக்கிறதா, கிழக்குப் பக்கம் திறந்திருக்கிறதா, மின்கம்பிகள் குறுக்கே போகின்றனவா என்று பாருங்கள். திசையைப் போனிலுள்ள காம்பஸில் சரிபார்த்துக்கொள்ளலாம். ஜனவரியில் சூரியன் நேர்கிழக்கிலிருந்து இருபது டிகிரிக்கும் மேல் தெற்கே தள்ளி எழும். ஜூனில் அதே அளவு வடக்கே தள்ளி எழும். மே மாதம் போய்வந்த நண்பர் சொன்ன இடத்தில் ஜனவரியில் நின்றுகொண்டு, சூரியன் மலைக்குப் பின்னால் ஒளிந்திருப்பதைப் பார்த்து ஏமாறுவது இதனால்தான்.

தங்குமிடத்தாரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: அந்தப் பக்கம் காலையில் விலங்கு நடமாட்டம் உண்டா, மறுநாள் போகவிருக்கும் காட்சிமுனையை எத்தனை மணிக்குத் திறப்பார்கள். இரண்டாவது கேள்விக்கு இணையத்தில் கிடைக்கும் விடையைவிட இவர்கள் சொல்வது நம்பத்தக்கது.

விடியல்

கோத்தகிரியில் ஜனவரி நடுவில் 6.45 மணி அளவிலும், மே இறுதியில் 6 மணி அளவிலும் சூரியன் எழும். அதற்கு முக்கால் மணி நேரம் முன்பே இடத்தில் இருக்க வேண்டும். வடக்கு நாடுகளில் எழுதப்பட்ட புகைப்பட நூல்களைப் படித்துவிட்டு வருகிறவர்கள் காலையின் பொன்னிற வெளிச்சம் நெடுநேரம் நீடிக்கும் என்று நம்பிவிடுகிறார்கள். நாம் இருப்பது நிலநடுக்கோட்டிலிருந்து பதினோரு டிகிரி வடக்கே. இங்கே சூரியன் சாய்ந்து நகராமல் கிட்டத்தட்ட நேராக மேலேறும். முழு இருட்டுக்கும் உதயத்துக்கும் இடைப்பட்ட நேரமும் குறைவு, உதயத்துக்குப் பின் மென்மையான வெளிச்சம் நிற்கும் நேரமும் குறைவு. ஒன்றரை மணி நேரம் கழிந்தால் நிழல்கள் கறுத்துக் கடினமாகிவிடும். ஜனவரியில் 8.15 மணிக்கு நீங்கள் சிற்றுண்டி சாப்பிடப் போகலாம்.

இருட்டில் தேயிலைத் தோட்டத்துக்குள் நடந்துபோய் இடம் பிடிக்காதீர்கள். கோத்தகிரி, குன்னூர்ப் பகுதித் தோட்டங்களில் காட்டுமாடும் கரடியும் சிறுத்தையும் உலவுகின்றன. விடியலுக்கு முந்தைய நேரம் அவற்றுக்குரியது. சாலையோரத்தில், வண்டிக்கு அருகில் நின்றே எடுக்கக்கூடிய இடத்தை முந்தைய மாலையில் பார்த்து வைக்கச் சொன்னதற்கு இதுதான் காரணம். காட்டுமாடு அசையாமல் நின்று பார்த்துக்கொண்டிருப்பதைச் சாதுத்தனம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். குறைந்தது ஐம்பது மீட்டர் விலகி நில்லுங்கள். மந்தையைவிட்டுத் தனித்து நிற்கும் காளை என்றால் வண்டிக்குள் ஏறிவிடுங்கள்.

இனி கேமரா. டிரைபாடில் பொருத்தி, அபெர்ச்சரை, அதாவது ஒளி நுழையும் லென்ஸின் துளையை, எஃப் 8-லிருந்து 11-க்குள் வைத்து (எண் கூடினால் துளை சிறுக்கும்), ஒளி உணர்திறனைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ.வை 100 அல்லது 200-இல் நிறுத்துங்கள். ஷட்டர் வேகம் எவ்வளவு குறைந்தாலும் டிரைபாட் தாங்கிக்கொள்ளும். கை நடுக்கத்தை ஈடுகட்டும் வசதியை, டிரைபாடில் இருக்கும்போது அணைத்துவிட்டு, இரண்டு நொடி டைமரில் எடுங்கள். அருகும் தொலைவும் ஒருசேரத் தெளிவாக வேண்டும் என்று எஃப் 22 வரை போனால், சிறுத்த துளையின் விளிம்பில் ஒளி வளைந்து பரவுவதால் படம் முழுவதும் சற்றுக் குழைந்துவிடும். கோப்பை ரா வடிவத்தில் (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பாக) சேமித்தால், பிறகு நிழற்பகுதியைத் திறக்க இடமிருக்கும்.

பனிமூட்டத்தையும் வெண்மையான மேகத்தையும் எடுக்கும்போது, கேமராவின் வெளிச்ச அளவி அவற்றைச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். வெளிச்ச ஈடுகட்டலை முக்கால் ஸ்டாப்பிலிருந்து ஒரு ஸ்டாப் வரை கூட்டுங்கள் (ஒரு ஸ்டாப் கூட்டினால் வெளிச்சம் இரு மடங்காகும்). சூரியனை நேரே பார்த்து எடுக்கும்போது வானம் வெளுத்துப்போகாமல் இருக்க ஒரு ஸ்டாப் குறைக்க வேண்டியிருக்கும். போனில் எடுப்பவர்கள் திரையில் விரலை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். அதன்பின் விரலை மேலோ கீழோ இழுத்து வெளிச்சத்தைச் சரிசெய்யலாம். புதியவர்களின் போன் படங்கள் வெளிறிப்போவதைத் தவிர்க்க இந்த ஒரு பழக்கமே பாதி வேலையைச் செய்துவிடும்.

இந்த நேரத்தில் இரண்டாமவர் செய்ய வேண்டியது, சூரியன் எழும் திசைக்கு முதுகைக் காட்டி நிற்பது. எல்லோரும் கிழக்கைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, மேற்கே உள்ள முகட்டின் உச்சியில் முதல் வெயில் விழுந்து, சரிவு வழியாக மெல்ல இறங்கிவரும்; தேயிலை வரிசைகளுக்கு இடையே பக்கவாட்டு நிழல் பிறக்கும். பல காலைகளில் நல்ல படம் அந்தப் பக்கம்தான் இருக்கும். அதைப் பார்த்துச் சொல்ல ஆளிருப்பதுதான் இருவராகப் போவதன் ஆதாயம்.

கோடநாடு

கோத்தகிரியிலிருந்து கிழக்கே சுமார் 18 கிலோமீட்டரில் கோடநாடு காட்சிமுனை இருக்கிறது. நீலகிரி பீடபூமி இங்கே சட்டென்று முறிந்து கீழே விழுகிறது. அடியில் மாயாற்றுப் பள்ளத்தாக்கும், அதனருகே தெங்குமரஹாடா கிராமமும், எதிரே சத்தியமங்கலம் பக்கத்து மலைகளும், ஒருபுறம் ரங்கசாமி மலையும், தெளிந்த நாளில் தூரத்தில் பவானிசாகர் அணையின் நீரும் தெரியும்.

போனவுடன் படமெடுக்கத் தொடங்காதீர்கள். வெளிச்சம் ஓடிக்கொண்டிருக்கும் விடியல் வேளையைத் தவிர, மற்ற எல்லா இடங்களிலும் முதல் கால் மணி நேரம் கேமரா பைக்குள்ளேயே இருக்கட்டும். இருவரும் நடந்து பாருங்கள். பைனாகுலரை மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். எதைப் பார்த்து நின்றோம் என்று ஒருவருக்கொருவர் சொல்லுங்கள். பள்ளத்தாக்கு முழுவதையும் ஒரே படத்தில் அடைக்க முயல்கிறவர்களுக்குக் கிடைப்பது பச்சையும் சாம்பலும் கலந்த ஒரு பரப்பு மட்டுமே. ஆற்றின் ஒரு வளைவு, ஒரு பாறைத்தூண், மேக நிழல் விழுந்த ஒரு சரிவு என்று பகுதியைத் தேர்ந்தெடுத்துத் தொலைநோக்கு லென்ஸில் எடுங்கள்.

முகட்டு அடுக்குகள் வேண்டுமென்றால், சூரியன் இருக்கும் திசையை நோக்கி எடுக்க வேண்டும். காற்றிலுள்ள ஈரமும் தூசும் அப்போது ஒளியைச் சிதறடித்து, அருகில் உள்ள முகட்டைக் கருப்பாகவும், தள்ளிப்போகப் போக ஒவ்வொன்றையும் வெளிறலாகவும் காட்டும். வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டு எடுத்தால் இந்த அடுக்கு மறைந்துவிடும். போலரைசரோ சூரியனுக்குச் செங்குத்தான திசையில்தான் முழுவீச்சில் வேலை செய்யும். சூரியனை நோக்கி எடுக்கும்போது அதைக் கழற்றிவிடலாம், ஒன்றிரண்டு ஸ்டாப் வெளிச்சமாவது மிச்சம்.

இந்தக் காட்சிமுனைக்குக் காலையிலேயே போய்விட வேண்டும். பகல் ஏற ஏறச் சமவெளியில் சூடான காற்று மலைச்சரிவில் மேலேறி, குளிர்ந்து, மேகமாகிறது. பிற்பகலில் வந்தால் சுவர் எழுப்பினாற்போல் வெண்மை மட்டும் தெரியும் நாட்கள் ஏராளம்.

நடுப்பகலில் சோலை

கோத்தகிரிக்கு அருகிலேயே இருக்கும் லாங்வுட் சோலை 116 ஹெக்டேர் பரப்புள்ளது. சுற்றியுள்ள சிற்றூர்களுக்கு நீராதாரமான இந்தக் காடு 2024 ஜனவரியில், உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்க்கப்பட்டது. வனத்துறை அனுமதியுடன்தான் உள்ளே போக வேண்டும். தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் தொடங்கிய மலையேற்றத் திட்டத்தின் 40 பாதைகளில் இதுவும் ஒன்று என்பதால் இணையவழியில் முன்பதிவு செய்யலாம். கூடவே வழிகாட்டி வருவார். காட்டுத்தீ அபாயமுள்ள கோடைத் தொடக்கத்தில் பாதைகள் மூடப்படும். அனுமதியில்லாமல் காப்புக்காட்டுக்குள் நுழைவதும், காட்டுக்கு மேல் டிரோன் பறக்கவிடுவதும் சட்டப்படி குற்றம்.

சோலைக்குள் இலைகளின் ஊடாக வெயில் திட்டுத்திட்டாக விழும் நாளில் காட்டைப் படமெடுப்பது கடினம். வெள்ளையும் கருப்புமாகச் சிதறிப்போகும். மேகமூட்டமான நடுப்பகல் வாய்த்தால் விடாதீர்கள். பாசி படர்ந்த மரங்களும் சூரல் கொடிகளும் தம் உண்மையான நிறத்தில் தெரியும். ஈர இலைகளின் மினுக்கத்தைப் போலரைசர் குறைத்துப் பச்சையை ஆழமாக்கும். வெயில் நாளாக இருந்தால் கேமராவை மூடிவிட்டுப் பைனாகுலரை எடுங்கள்: நீலகிரிச் சிரிப்பானின் குரலை முதலில் காது பிடிக்கும், பிறகுதான் கண் தேடும். மேற்குத் தொடர்ச்சி மலைக்கு மட்டுமே உரிய பறவைகளை இவ்வளவு எளிதாக நடந்துபோய்ப் பார்க்கும் இடங்கள் குறைவு. பறவையின் குரலைப் போனில் ஒலிக்கவிட்டு அழைக்காதீர்கள். கூடு கட்டும் காலத்தில் அது பறவையை அலைக்கழிக்கும்.

பிற்பகல் மூடுபனியும் அருவியும்

பிற்பகலில் மேகம் ஏறிவிட்டால் பலர் அறைக்குத் திரும்பிவிடுகிறார்கள். தூரக்காட்சி போய்விட்டதே தவிர, அருகே உள்ளவை அப்போதுதான் படமாகத் தொடங்கும். தேயிலைக்கு நடுவே நிழலுக்காக வளர்த்த சில்வர் ஓக் மரம் ஒன்று தனித்து நிற்பது, சாலை வளைவில் மறைவது, ஒருவர் குடையோடு நடப்பது எல்லாம் வெண்மையின் மேல் தீட்டினாற்போல் தெரியும். இரண்டாமவர் படத்துக்குள் போக வேண்டிய நேரமும் இதுதான். முப்பது நாற்பது அடி தள்ளி நிற்கும் ஓர் உருவம் மரத்தின் உயரத்தைச் சொல்லிவிடும். அதற்காகச் சிவப்போ மஞ்சளோ நிறமுள்ள ஒரு சால்வையைக் கொண்டுபோங்கள். பச்சை உடையில் ஆள் தேயிலைக்குள் காணாமல் போய்விடுவார். இருவரும் சேர்ந்த படம் வேண்டுமானால் டிரைபாடும் பத்து நொடி டைமரும் இருக்கின்றன. விளிம்பை நோக்கிப் பின்னால் நகர்ந்து நிற்பதை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

அரவேணு அருகே விழும் கேத்தரின் நீர்வீழ்ச்சி சுமார் 250 அடி உயரமுள்ளது. அதன் முழு உயரத்தையும் பார்க்கக் குன்னூர்ப் பக்கமுள்ள டால்பின் நோஸ் காட்சிமுனைக்குப் போக வேண்டும். பள்ளத்தாக்கின் எதிர்ப்புறத்தில் வெள்ளைக் கோடாகத் தெரியும். நீரைப் பட்டுப்போல் காட்டக் கால் நொடியிலிருந்து ஒரு நொடி வரை ஷட்டரைத் திறந்து வைப்பது வழக்கம். இவ்வளவு தூரத்திலிருந்து எடுக்கும்போது அது அவசியமில்லை என்பது என் எண்ணம். சாதாரண வேகத்திலேயே அருவி அருவியாகத் தெரியும்.

உறைபனி

நவம்பரில் நீர்ப்பனியாகத் தொடங்கி, டிசம்பர், ஜனவரியில் ஊட்டியைச் சுற்றிப் புல்வெளிகள் உறைபனியால் வெளுக்கும். குளிர்ந்த காற்று கனமானதால் தாழ்வான இடங்களில் தேங்கும். அதனால்தான் 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாவைவிடத் தலைக்குந்தா, காந்தல் போன்ற பள்ளப்பகுதிகளில் உறைபனி அடர்ந்து படிகிறது. வெயில் பட்டவுடன் உருகத் தொடங்கிவிடும் என்பதால், இதற்காக ஓர் இரவு ஊட்டியிலேயே தங்க வேண்டும். கோத்தகிரியிலிருந்து இருட்டில் வண்டியோட்டிப் போவது வேண்டாத ஆபத்து. பேட்டரி குளிரில் விரைவாக இறங்கும்; கூடுதல் பேட்டரியைச் சட்டையின் உள்பையில், உடல் சூட்டில் வைத்திருங்கள். வெளியிலிருந்து வெதுவெதுப்பான அறைக்குத் திரும்பியதும் கேமராப் பையின் ஜிப்பைத் திறக்காமல் அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். உடனே திறந்தால் குளிர்ந்த லென்ஸின் மேல் ஈரம் படியும்.

ஊர்களுக்குள் போகும்போது

வழியில் படகர்களின் ஊர்களான ஹட்டிகளும், ஊட்டிப் பக்கம் போனால் தோடர்களின் குடியிருப்புகளான மந்துகளும் வரும். வரிசையாக நிற்கும் வண்ண வீடுகளைத் தூரத்திலிருந்து எடுப்பதில் தவறில்லை. ஊருக்குள்ளோ கோயிலருகிலோ போவதானால் கேட்டுவிட்டுப் போங்கள். தேயிலை பறிக்கும் பெண்களை வேலைக்கு நடுவே நிறுத்திச் சிரிக்கச் சொல்வது பலருக்கும் பழக்கமாகிவிட்டது. அவர்களுக்குப் பறித்த இலையின் எடைக்கேற்ற கூலி என்றால், அந்த நேரமும் பணம்தான். முதலில் பேச்சுக் கொடுங்கள், வேண்டாம் என்றால் கேமராவை இறக்கிவிடுங்கள். கேட்கும் வேலையை இருவரில் யாருக்குப் பேச்சு எளிதில் வருமோ அவரிடம் விடுவது நல்லது.

திரும்பிய பிறகு

அன்றன்றைய கோப்புகளை மெமரி கார்டிலிருந்து இன்னோர் இடத்திலும் நகலெடுத்து வைத்த பிறகே கார்டை அழியுங்கள். தேர்ந்தெடுப்பதை உடனே செய்ய வேண்டாம். எடுத்த களைப்பும் ஆசையும் அடங்க ஒரு வாரமாவது போகட்டும். பிறகு இருவரும் தனித்தனியே, ஒருவருக்கொருவர் காட்டாமல், பத்துப் படங்களைக் குறித்து வையுங்கள். இரண்டு பட்டியலிலும் வரும் படங்களை முதலில் திருத்துங்கள். ஒருவர் மட்டும் தேர்ந்தெடுத்தவற்றைப் பற்றிப் பேசுங்கள். எதற்காக அது பிடித்தது என்று சொல்லச் சொல்ல, அடுத்த முறை எந்த நேரத்தில் எங்கே நிற்க வேண்டும் என்பது தெளிவாகும். பொதுவெளியில் பகிரும்போது பறவைக் கூடுகளும் அரிய ஆர்க்கிட்களும் உள்ள இடத்தின் பெயரையும், கோப்போடு சேர்ந்திருக்கும் இருப்பிடத் தகவலையும் நீக்கிவிடுங்கள்.

மூன்று நான்கு படங்களையாவது அச்சிட்டுச் சுவரில் மாட்டுங்கள். 12×18 அங்குல அச்சுக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில், 3,600×5,400 புள்ளிகள், அதாவது சுமார் 19 மெகாபிக்சல் வேண்டும்; 24 மெகாபிக்சல் கேமராவின் கோப்பு, ஓரங்களை அதிகம் வெட்டாமல் இருந்தால், தாராளமாகப் போதும். போனில் 12 மெகாபிக்சலில் எடுத்ததை 8×12 அங்குலத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மூடுபனிப் படங்களுக்குப் பளபளப்பான தாளைவிட மேட் தாள் பொருந்தும்.